கிங்ஸ் கிராஸில் ஒரு திருப்பணி

சிட்னி நகரின் கிங்ஸ் கிராஸ் பகுதியில், மெதடிஸ்டு போதகர் டெட் நாஃப்ஸ் 1964-இல் ‘வேசைடு சேப்பல்’ என்னும் வழியோரச் சிற்றாலயத்தைத் தோற்றுவித்தார். வீடற்றோரும் போதைக்கு அடிமைப்பட்டோரும் அங்கு வரவேற்கப்பட்டனர். 1977-இல் ஆஸ்திரேலிய ஐக்கிய சபை உருவானபோது, இவ்வூழியமும் அச்சபையைச் சார்ந்ததாயிற்று.

1990-களின் இறுதியில் ஹெராயின் அப்பகுதியில் பல உயிர்களைக் குடித்தது. அளவு மிகுமாயின் அது மூச்சை ஒடுக்கிவிடும். அருகிருப்பவர் தக்க நேரத்தில் பிராணவாயுவும் நலாக்சோன் என்னும் முறிமருந்தும் அளித்தால் உயிரை மீட்கலாம். கூரையற்றவரோ சந்துகளில் தனித்து ஊசியேற்றினர், காண்பாரின்றி மாண்டனர்.

1999 மே மாதத்தில் போதகர் ரே ரிச்மண்ட், சட்டத்துக்கு மாறாக, ஆலயத்திலேயே இவர்களுக்கெனக் கண்காணிப்பு அறையொன்றைத் திறந்தார். காவலர் அவர்மீது வழக்குத் தொடர்ந்தனர். பின்னர் அது கைவிடப்பட்டது. அவ்வாண்டிலேயே நியூ சவுத் வேல்ஸ் அரசு சோதனை முயற்சியாக ஒரு நிலையத்துக்கு இசைந்தது. முதலில் பொறுப்பேற்க முன்வந்த கத்தோலிக்கக் கன்னியர் வத்திக்கானின் ஆணையால் விலகவே, ஐக்கிய சபை அதனை ஏற்றது. 2001 மே மாதத்தில் திறக்கப்பட்ட அந்நிலையம் 2010-இல் சட்டப்படி நிரந்தரமாயிற்று. 2021-இல் இருபதாண்டு நிறைவெய்தியபோது, மிகையளவால் அங்கு ஒருவரும் மரித்திருக்கவில்லை.

இது பாவத்துக்கு இடங்கொடுப்பதன்றோ எனச் சபையார் வினவலாம். அவ்வினா எளிதானதன்று. ஆயினும், மனந்திரும்புவதற்கும் மனிதன் உயிரோடிருத்தல் வேண்டுமன்றோ?