தலைமேல் வைத்த தர்மம்

‘அம்மா, தர்மம் பண்ணுங்க’ என்ற குரலைக் கோயில் வாசல்களில் நாம் அனைவரும் கேட்டிருக்கிறோம். வடமொழியில் நெறி, கடமை, நீதி, இயல்பு என்றெல்லாம் விரியும் இச்சொல், நம் பேச்சில் கையில் விழும் ஒரு நாணயமாகச் சுருங்கிவிட்டதாகத் தோன்றும். உண்மையில் சுருங்கியதா என்பதே நம் கேள்வி.

கொடுத்தலைக் குறிக்கத் தமிழில் சொற்பஞ்சம் இருந்ததில்லை. ஈ, தா, கொடு என்னும் மூன்றையும் இரத்தற் சொற்களாகக் காட்டும் தொல்காப்பியம், அவற்றை யார் வழங்குவர் என்பதையும் வரையறுக்கிறது. தாழ்ந்தோன் ‘ஈ’ என்பான். ஒத்தோன் ‘தா’ என்பான். உயர்ந்தோன் ‘கொடு’ என்பான். கேட்பவன் வாய் திறந்ததுமே அவன் நிற்கும் படி தெரிந்துவிடும். தர்மம் இப்படிகளில் அடங்காத சொல். ‘எனக்குக் கொடு’ என்று அது கெஞ்சுவதில்லை. ‘உன் கடமையைச் செய்’ என்று நினைவூட்டுகிறது. நெறியையும் கொடையையும் ஒருங்கே சுட்டும் நம் ‘அறம்’ என்ற சொல்லும் அத்தகையதே.

இச்சொல் தமிழகத்துக்குப் புதியதன்று. மதுரைக்கு அருகே மாங்குளம் குகைத்தளத்தில், துறவிக்குப் பாளி அமைத்த செய்தியைச் சொல்லும் தமிழ்ப் பிராமிக் கல்வெட்டிலேயே ‘தம்மம்’ என்ற பிராகிருத வடிவம் வந்துவிட்டது.

சோழர் காலக் கல்வெட்டுகளில் தர்மம் ஒருமுறை கொடுத்து முடிவதன்று. ஒரு நந்தா விளக்குக்கு 96 ஆடுகள் விடப்படுவதுண்டு. அவற்றைச் ‘சாவா மூவாப் பேராடு’ என்றனர். ஆடுகள் சாகாமலும் மூக்காமலும் இருந்துவிடுமா? ஏற்றுக்கொண்ட இடையன் ஈற்றுக் குட்டிகளைக் கொண்டு எண்ணிக்கையை நிரப்பி, நாள்தோறும் உழக்கு நெய் அளக்கவேண்டும் என்பதே ஏற்பாடு. கொடுத்தவர் மறைந்த பின்னும் விளக்கு எரியவேண்டுமல்லவா? ஆகவேதான் பல கல்வெட்டுகள் ஒரே வேண்டுதலோடு முடிகின்றன: இத்தர்மத்தைக் காப்பவரின் ஸ்ரீபாதம் என் தலைமேல். கொடுத்தவன் அரசனேயாயினும், இனிப் பிறக்கப்போகும் பெயர் தெரியாத ஒருவன் காலடியில் தன் தலையை வைக்கிறான். தொல்காப்பியம் சொன்ன படிகள் இங்கே தலைகீழாகின்றன.

1867-இல் வடலூரில் இராமலிங்க அடிகள் தொடங்கிய தருமச்சாலையின் அடுப்பு இன்றும் அணையாமல் எரிகிறது. அவ்விளக்குகளின் மரபில் வந்த நெருப்பு என்றே அதைச் சொல்லலாம். மறுபுறம், அரசு மருத்துவமனையைத் ‘தர்மாஸ்பத்திரி’ என்று சற்றே இளக்காரமாகச் சொல்லவும் நாம் பழகிக்கொண்டோம். சொல் சுருங்கவில்லை, கொடுப்பவரைப் பற்றிய நம் எண்ணம்தான் பெருத்துவிட்டது.

கோயில் குழல்விளக்குகளில் வெளிச்சத்தை மறைத்துக்கொண்டு ‘உபயம்’ என்று எழுதியிருப்பதைக் கண்டு நாம் சிரிக்கிறோம். கல்வெட்டிலும் கொடுத்தவர் பெயர் உண்டு. புகழாசை அன்றும் இருந்தது. ஆனால் அந்தப் பெயருக்குக் கீழே, காப்பவர் காலடியை வணங்கும் ஒரு வரியும் இருந்தது.