ஊர் கூடிப் பாடிய கதை

நாம் சிறுவராயிருந்த காலத்தில், பாடசாலைப் பரிசளிப்பு விழாவில் வாழ்த்துப்பாப் பாடுவதற்கென நாற்பது மாணவரைத் தெரிந்தெடுத்தார்கள். ஒத்திகையின் இரண்டாம் நாளே ஆசிரியர் எம்மில் ஆறேழு பேரைப் பின்வரிசைக்கு அனுப்பி, "நீங்கள் வாயை மட்டும் அசையுங்கோ, சத்தம் வேண்டாம்" என்று கட்டளையிட்டார். விழா சிறப்பாகவே நடந்தது. நாமும் வாயசைத்தோம், கைதட்டலிற் பங்கும் பெற்றோம். ஆயினும் அன்று தொண்டையில் நின்றுபோன பாட்டு இன்னும் அங்கேதான் நிற்கிறது.

பாட்டு என்பது குரல்வளம் வாய்த்த சிலரின் முதுசமா, அன்றி எல்லார்க்கும் பொதுவானதா? இந்தக் கேள்வி எமக்கு மட்டும் உரியதன்று. 19ஆம் நூற்றாண்டில் இங்கிலாந்திலும் வேல்ஸ் நாட்டிலும் ஆலைத் தொழிலாளரும் சுரங்கத் தொழிலாளரும் ஆயிரக்கணக்கிற் கூடி, வித்துவான்கள் மட்டுமே பாடிவந்த பெரும் இசையைத் தாமே பாடத் தொடங்கினார்கள். ஊதியம் கருதாத அந்தக் கோஷ்டி கானத்தின் கதையை எம் இளைஞர் அறிதல் வேண்டும் என்பது எமது ஆசை.

யோர்க்ஷயரிலுள்ள ஹடர்ஸ்பீல்ட் கம்பளி நெய்யும் நகரம். 1836ஆம் ஆண்டு யூன் மாதம் அங்கே ஒரு மதுச்சாலையிற் பதினாறு பேர் கூடிப் பாடகர் சங்கம் ஒன்றை அமைத்தனர். மாதக் கூட்டம் பௌர்ணமியன்றோ அதற்குச் சற்று முந்தியோ வரும் வெள்ளிக்கிழமையில் நடைபெறவேண்டும் என்பது அவர்கள் வகுத்த விதி. காரணம் பக்தியன்று, இரவிற் பாடிவிட்டு மேட்டுப்பாதை வழியே வீடு திரும்ப நிலா வெளிச்சம் வேண்டியிருந்தது. பாட வந்தவர்க்கு ரொட்டியும் பாலாடைக்கட்டியும் அளவோடு பியரும் வழங்கப்பட்டன. (எமது சங்க விதிகளில் இதனைச் சேர்க்குமாறு எவரும் பிரேரணை கொண்டுவர வேண்டாம்.) சமதர்மவாதிகளின் கூட்டங்களுக்குச் செல்பவர் உறுப்பினராகக் கூடாது என்று பின்னர் ஒரு விதியும் சேர்ந்தது. பாட்டிலே சேர்த்துக்கொண்டவரை அரசியலிலே விலக்கிய இந்த விதி எமக்கு உவப்பானதன்று. ஆனாலும் அச்சங்கம் இன்றும் பாடிக்கொண்டுதான் இருக்கிறது.

ஆசை இருந்தால் மட்டும் பாட முடியுமா? ஐந்து கோடுகளின்மேற் புள்ளியிடும் மேல்நாட்டு ஸ்வரலிபி, நாள் முழுதும் தறியில் நின்றவனுக்கு எளிதில் வசப்படவில்லை. 1841இல் ஜோன் ஹல்லா என்பவர் இலண்டனிற் பெரிய வகுப்புகளை நடத்தினார். மாணவர் திரண்டு வந்தனர். ஆனால் அவர் கையாண்ட முறையில் 'டோ' என்னும் ஸ்வரம் ஒரே இடத்தில் அசையாது நின்றது. ஹார்மோனியத்தில் ஒரே கட்டையிற் சட்ஜத்தை ஆணியடித்து நிறுத்திவிட்டு, எல்லாரையும் எல்லாப் பாட்டுக்கும் அதையே பிடிக்கச் சொன்னால் எப்படியிருக்கும்! சுருதி மாறியதும் மாணவர் தடுமாறினர்.

இதற்கு வழி முன்னரே கிடைத்திருந்தது. நோரிச் நகரில் ஒரு பாதிரியாரின் மகளான சேரா குளோவர் என்னும் அம்மையார், ஸ்வரங்களின் முதலெழுத்துக்களை மாத்திரம் வரிசையாக எழுதிப் பிள்ளைகளுக்குப் பாட்டுச் சொல்லிக் கொடுத்து வந்தார். 1835இல் அம்முறையை நூலாகவும் வெளியிட்டார். இரண்டு ஸ்வரங்கள் ஒரே எழுத்தில் தொடங்கியதால் ஒன்றின் பெயரையே மாற்றிவிட்டார். 'டோ' எந்தச் சுருதியிலும் நிற்கலாம்; மற்றவை அதனைத் தொடர்ந்து வரும். இதைப் படித்தபோது எமக்குப் பழைய நண்பர் ஒருவரைத் தூரதேசத்திற் கண்டதுபோல் இருந்தது. எமது ச ரி க ம ப த நி ஏழும் வெவ்வேறு எழுத்திலன்றோ தொடங்குகின்றன! பாடுபவனின் குரலுக்கேற்பச் சட்ஜத்தை வைத்துக்கொள்வதன்றோ எமது மரபு!

இம்முறையை நாடெங்கும் பரப்பியவர் ஜோன் கேர்வென் என்னும் பாதிரியார். 1841இல் ஞாயிறு பாடசாலை ஆசிரியர் மாநாடு ஒன்று, பிள்ளைகளுக்குப் பாட்டுக் கற்பிக்க இலகுவான வழியொன்றைத் தேடித்தருமாறு அவரைக் கேட்டது. வேடிக்கை என்னவென்றால், ஸ்வரலிபியைப் பார்த்துப் பாட அவருக்கே அப்போது வராது. தமக்குப் புரியாத ஒன்றைப் பிறர்க்குப் புரியவைக்கப் புகுந்தமையாலேதான் அவர் வெற்றி கண்டார் என்று எமக்குத் தோன்றுகிறது. குளோவர் அம்மையாரின் முறையைத் தம் எண்ணப்படி திருத்திக்கொண்டார். ஒவ்வொரு ஸ்வரத்துக்கும் ஒரு கைமுத்திரையும் வகுத்தார். மூடிய முட்டி 'டோ'. 1857இல் இலண்டன் பளிங்கு மாளிகையில் ஏறத்தாழ 3,000 பிள்ளைகள் இம்முறையிற் கற்றுப் பாடிக் காட்டினர்.

நேரமும் பணமும் ஒருவாறு வழிவிட்டன. 1850ஆம் ஆண்டுச் சட்டத்தால் நெசவாலைகளிற் பெண்களுக்கும் இளவயதினருக்கும் சனிக்கிழமை வேலை பிற்பகல் இரண்டு மணியோடு முடிந்தது. ஹண்டலின் 'மெசையா'வை நொவெல்லோ அச்சகத்தார் 1846 முதல் மாதம் ஆறு பென்ஸ் வீதம் பகுதி பகுதியாக விற்றனர். தேநீர்ச் செலவிற் சேமித்தால் வாங்கிவிடலாம்.

இனி அதன் இன்பத்தைச் சொல்லவேண்டும். எமது கூட்டுப் பிரார்த்தனையில் எல்லாரும் ஒரே மெட்டைப் பாடுகிறோம். அவர்கள் பாட்டு அப்படியன்று. பெண்களின் மேற்குரல், கீழ்க்குரல், ஆண்களின் மேற்குரல், கீழ்க்குரல் என நான்கு வரிசை. நான்குக்கும் நான்கு மெட்டு. இடையில் நிற்கும் வரிசையின் மெட்டைத் தனியே கேட்டாற் பாட்டென்றே சொல்லமாட்டீர்கள். இரண்டு மூன்று ஸ்வரங்களிலேயே சுற்றிச் சுற்றி வரும். வாரக்கணக்காக அதையே வீட்டில் முணுமுணுத்துப் பெண்சாதி பிள்ளைகளின் பொறுமையைச் சோதித்த தொழிலாளி, ஒத்திகையில் மற்ற மூன்று வரிசைகளும் சேரும்போதுதான் தன் பங்கின் பொருளை உணர்கிறான். அவனுடைய குரல் தனியே கேட்பதில்லை. அவன் நிறுத்தினால் மாத்திரம் ஏதோ குறைகிறது. மேடையேறிப் புகழ் பெறுவதிலும் இது வேறான ஓர் இன்பம். வருத்தும் வேலை முடிந்து களைத்து வந்தவர்கள் ஏன் மழையிலும் ஒத்திகைக்கு நடந்தார்கள் என்பதற்கு வேறு விளக்கம் எமக்குத் தெரியவில்லை.

இவர்களிற் புகழ் பெற்றவர்கள் தென் வேல்ஸ் மக்கள். அபர்டேர் என்னும் நிலக்கரிப் பட்டினத்துக்கருகே பிறந்து கொல்லனாகத் தொழில் செய்த கிரிபித் ரைஸ் ஜோன்ஸ், கரடொக் என்னும் புனைபெயராற் பிரசித்தர். சுரங்கப் பள்ளத்தாக்குகளின் சிறு கோஷ்டிகளை ஒன்றாக்கி, 1872இல் பெருங்கோஷ்டியொன்றைப் புகையிரதத்தில் இலண்டன் பளிங்கு மாளிகைப் போட்டிக்கு அழைத்துச் சென்றார். எதிர்த்துப் பாட ஒருவரும் முன்வரவில்லை. கிண்ணம் அவர்களுக்கே கிடைத்தது. ஆளில்லாத போட்டி என்று சிலர் நகைத்திருக்கக்கூடும். அடுத்த ஆண்டு ஏறத்தாழ 450 பேருடன் மீண்டும் சென்றனர். இம்முறை இலண்டன் கோஷ்டியொன்று எதிர்நின்றது. அதனையும் வென்று கிண்ணத்தை வீட்டுக்குக் கொண்டுவந்தனர். அபர்டேர் நகர மத்தியில் 1920இல் கரடொக்குக்குச் சிலை எடுத்தார்கள். கையிற் சம்மட்டியில்லை, கோஷ்டியை நடத்தும் சிறு கோல் இருக்கிறது.

குளோவர் அம்மையாரின் எழுத்துக்கள் மிஷனரிமாரோடு கடல் கடந்தும் சென்றன. தென்னாபிரிக்காவில் ஜோகனஸ்பேர்க் அருகே மிஷன் பாடசாலை ஆசிரியராயிருந்த ஈனொக் சொன்டொங்கா, 1897இல் தம் மாணவர் கோஷ்டிக்காக ஒரு பிரார்த்தனைப் பாட்டு இயற்றினார். அதை எழுதி வைத்தது கேர்வென் பரப்பிய ஸ்வர எழுத்துக்களிலேயே. 1905இல் அவர் காலமானபோது அவரை அறிந்தோர் சிலரே. அப்பாட்டின் பகுதி 1997 முதல் அந்நாட்டுத் தேசிய கீதத்தில் இடம்பெற்றிருக்கிறது. விளையாட்டரங்குகளிற் பின்வரிசையில் நிற்பவர்களும் அதை வாய்விட்டே பாடுகிறார்கள்.