கம்ப நடனத்தில் உயரப் பயம்: ஏறுவதற்கு முன் இறங்கக் கற்க வேண்டும்

கம்ப நடன வகுப்பில் சேர்பவர்கள் தரையை ஒட்டிய சுழற்சிகளைப் பெரும்பாலும் தயக்கமின்றிச் செய்துவிடுகிறார்கள். சிக்கல் ஏறத் தொடங்கும்போதுதான் வருகிறது. இரண்டு மூன்று பிடி மேலே போனதும் கண் தற்செயலாகக் கீழே போகிறது. உள்ளங்கை வியர்க்கிறது, கால் நடுங்குகிறது. மேலே போகவும் முடியாமல், கீழே வரவும் தெரியாமல் கம்பத்தைக் கட்டிக்கொண்டு நிற்கிறார்கள். “இது நமக்கு ஒத்துவராது” என்று அன்றோடு வகுப்பை விட்டுவிடுபவர்களும் உண்டு.

இந்தப் பயத்தைக் கோழைத்தனம் என்று ஒதுக்கிவிட முடியாது. அதில் நியாயம் இருக்கிறது. ஒரு மீட்டர் உயரத்திலிருந்து விழும் உடல் மணிக்கு ஏறத்தாழ 16 கிலோமீட்டர் வேகத்தில் தரையில் மோதும். மூன்று மீட்டரிலிருந்து விழுந்தால் அது 28 கிலோமீட்டர். ஆகவே பயத்தை அதட்டி அடக்குவதில் பயனில்லை. பத்திரமாக இறங்கத் தெரியும் என்ற உறுதி உடலுக்கு வர வேண்டும். அது வந்தால் பயம் தானாகவே குறையத் தொடங்கும்.

விளையாட்டாக வளர்ந்த கலை

கம்ப நடனம் என்றதும் இரவு விடுதிகளை நினைத்து முகம் சுளிப்பவர்கள் நம்மிடையே உண்டு. அந்தப் பின்னணி உண்மைதான். ஆனால் இன்று அது உடற்பயிற்சியாகவும் போட்டி விளையாட்டாகவும் வளர்ந்துள்ளது. 2009இல் இதற்கெனப் பன்னாட்டுச் சம்மேளனம் ஒன்று அமைக்கப்பட்டது. 2012இல் லண்டனில் அதன் முதல் உலக வெற்றியாளர் போட்டி நடைபெற்றது. 2017இல் உலக விளையாட்டுச் சம்மேளனங்களின் கூட்டமைப்பு அதற்குப் பார்வையாளர் தகுதியை வழங்கியது. போட்டிகளில் 45 மில்லிமீட்டர் விட்டமும் சுமார் 4 மீட்டர் உயரமும் கொண்ட இரண்டு உலோகக் கம்பங்கள் பயன்படுத்தப்படுகின்றன. ஒன்று அசையாது, மற்றொன்று சுழலும்.

உடை குறித்த கேள்விக்கும் பதில் எளிது. உலோகத்தின் மேல் துணி வழுக்கும், தோல்தான் பற்றும். தொடை, முழங்காலின் பின்புறம், கை ஆகியவை வெளியே தெரிவது பிடிமானத்துக்காகத்தான்.

கம்பத்தில் ஏறி வித்தை காட்டுவது தமிழருக்குப் புதிதும் அல்ல. மூங்கில் கழை நட்டுக் கயிற்றில் நடக்கும் ஆட்டக்காரப் பெண்ணை நற்றிணையின் 95ஆம் பாடல் காட்டுகிறது. இந்தியாவின் மல்லர் கம்பம் விளையாட்டில் ஏறத்தாழ இரண்டரை மீட்டர் உயர மரக் கம்பத்தின் மேல் சிறுவர்கள் யோகாசனம் செய்கிறார்கள். தமிழ்நாட்டில் விழுப்புரம் இந்த விளையாட்டுக்குப் பெயர் பெற்ற ஊர்.

தலை ஏன் சுற்றுகிறது?

பத்துமலையின் 272 படிகளில் ஏறும்போது தெரியாத பயம், இறங்கும்போது பலரைக் கைப்பிடியைப் பற்றிக்கொள்ள வைக்கிறது. கோலாலம்பூர் கோபுரத்தின் கண்ணாடித் தளத்தில் கால் வைக்க மறுப்பவர்களும் இருக்கிறார்கள். இது அரிதானதல்ல. ஜெர்மனியில் 3,517 பேரிடம் நடத்தப்பட்ட ஆய்வில், 28 விழுக்காட்டினர் உயரத்தில் இருக்கும்போது ஏற்படும் தடுமாற்றத்தை வாழ்நாளில் அனுபவித்ததாகக் கூறினர்.

இதற்குக் கண்ணும் ஒரு காரணம். நாம் நிற்கும்போது உடல் எப்போதும் இலேசாக அசைந்துகொண்டே இருக்கிறது. அருகிலுள்ள பொருள்கள் நகர்வதுபோல் கண்ணுக்குத் தெரிவதை வைத்துத்தான் மூளை அந்த அசைவைச் சரிசெய்கிறது. கண்ணுக்கும் அருகிலுள்ள அசையாப் பொருளுக்கும் இடையே ஏறத்தாழ மூன்று மீட்டருக்கு மேல் இடைவெளி வந்தால் அந்தத் தகவல் குறைந்துவிடுகிறது. உடல் கூடுதலாக ஆடுகிறது, தலை சுற்றுவதுபோல் தோன்றுகிறது.

கம்பத்தில் ஏறுபவருக்கு இதில் ஒரு நன்மை உண்டு. அசையாத பொருள் ஒன்று அவர் முகத்துக்கு நேராகவே இருக்கிறது. தடுமாற்றம் வரும்போது தரையைப் பார்க்காமல் கம்பத்தையோ எதிர்ச்சுவரையோ பார்த்தால் உடல் நிலைகொள்ளும். சுழலும் கம்பத்தில் இந்த உதவி கிடைக்காது. அதனால் உயரப் பயம் உள்ளவர்கள் முதலில் அசையாக் கம்பத்தில் பழகுவது நல்லது.

பயம் பிடியைக் கெடுக்கும்

பயம் வந்தால் உள்ளங்கையும் உள்ளங்காலும் வியர்க்கும். வியர்த்தால் பிடி நழுவும். நழுவினால் பயம் கூடும். பயந்தவர் கைகளை மட்டும் நம்பி இறுகப் பிடிப்பார். கை விரைவில் சோர்ந்துவிடும். இந்தச் சுழலில் சிக்கித்தான் பலர் விழுகிறார்கள்.

அன்று தோட்டங்களில் தென்னை மரம் ஏறிக் கள் இறக்கியவர்களைப் பார்த்தவர்களுக்கு இதன் விடை தெரியும். அவர்களின் உடல் பாரத்தைத் தாங்கியது கால்கள்தாம். கை அணைப்புக்குத்தான். கம்பத்திலும் அப்படியே. முன் காலின் கணுவும் முழங்காலும் கம்பத்தில் பதிய, பின் காலின் ஆடுசதை பின்னாலிருந்து அழுத்த வேண்டும். இந்தக் காற்பிடி உறுதியானால் ஒரு கையை எடுத்து ஓய்வு கொடுக்கவும் முடியும்.

வகுப்புக்கு முன் உடலில் எண்ணெய், லோஷன் பூசக் கூடாது. மோதிரம், வளையல்களைக் கழற்றிவிட வேண்டும். கம்பத்தை ஆல்கஹால் தெளித்துத் துடைக்க வேண்டும். அதிகம் வியர்ப்பவர்கள் உடற்பயிற்சிக் கடைகளில் கிடைக்கும் திரவச் சாக்கைக் கையில் தடவிக்கொள்ளலாம்.

முதல் பாடம் இறங்குவது

ஏறக் கற்றுக்கொடுத்துவிட்டு, இறங்குவதை மாணவரின் சாமர்த்தியத்துக்கு விட்டுவிடுவது தவறு. பயத்தின் பெரும்பகுதி “எப்படி இறங்குவேன்?” என்ற கேள்வியில்தான் இருக்கிறது.

காற்பிடியைத் தளர்த்திச் சறுக்கி இறங்கினால் தோல் எரியும், வேகமும் கட்டுக்குள் இருக்காது. ஏறிய முறையையே திருப்பிச் செய்ய வேண்டும். கைகள் பாரத்தைத் தாங்க, காலைச் சற்றுத் தளர்த்திக் கீழே இறக்கி மீண்டும் பூட்ட வேண்டும். பிறகு கைகளை ஒவ்வொன்றாகக் கீழே மாற்ற வேண்டும். கம்பத்தில் தொடைகளால் அமர்ந்திருப்பவர் இறங்கும்போது, முதலில் கைப்பிடி, பிறகு காற்பிடி, கடைசியில்தான் தொடையை விட வேண்டும். தரையிலிருந்து ஒரு முழ உயரத்தில் இதைப் பலமுறை செய்து பழகியவருக்கு, மூன்று மீட்டரிலும் செய்ய வேண்டியது அதேதான்.

இன்னொரு விதியும் உண்டு. பலம் தீர்ந்த பிறகு இறங்கக் கூடாது. கை நடுங்கத் தொடங்கும் முன்பே, இறங்குவதற்கான தெம்பை மிச்சம் வைத்துக்கொண்டு கிளம்ப வேண்டும்.

படிப்படியாக உயரம்

ஜெர்மானியக் கவிஞர் கதேவுக்கு இளமையில் உயரம் ஆகாது. 1770களின் தொடக்கத்தில் ஸ்ட்ராஸ்பூர்க் நகரில் மாணவராக இருந்தபோது, அவர் அங்குள்ள பேராலயத்தின் கோபுரத்தில் தனியாக ஏறினார். உச்சிக்குக் கீழே கால் மணி நேரம் காத்திருந்து, பிறகு திறந்தவெளிக்கு வந்து நின்றார். பயம் பழகிப்போகும்வரை அதையே திரும்பத் திரும்பச் செய்ததாகத் தம் வாழ்க்கை வரலாற்றில் எழுதியுள்ளார். 1958இல் மனநல மருத்துவர் ஜோசப் வொல்ப் எழுதிய நூலுக்குப் பிறகு, பயத்தைச் சிறுகச் சிறுகச் சந்திக்கும் முறை சிகிச்சையாகவே பரவியது.

கம்பத்தில் ஒரு வேறுபாடு உண்டு. கோபுரத்தில் கால் மணி நேரம் நிற்கலாம், கம்பத்தில் தசை அவ்வளவு நேரம் தாங்காது. அதனால் ஒரே நீண்ட ஏற்றத்தைவிடப் பல குறுகிய ஏற்றங்களே பலன் தரும். பயத்தைப் பூஜ்யத்திலிருந்து பத்துவரை மதிப்பெண் இட்டுக்கொண்டு, கீழ்க்கண்டவாறு முன்னேறலாம்:

1. தரையிலிருந்து ஒரு முழ உயரத்தில் காற்பிடி மட்டும் போட்டு, சில விநாடிகள் நின்று இறங்குதல்.
2. ஒரு பிடி ஏறி, மூச்சை மெதுவாக வெளியே விட்டு இறங்குதல்.
3. அதே உயரத்தில் தொடைகளால் அமர்ந்து, முதலில் ஒரு கையை, பிறகு இரு கைகளையும் விடுதல்.
4. இரண்டு பிடி ஏறி, எதிர்ச்சுவரைப் பார்த்து, பிறகு ஒரு கணம் தரையைப் பார்த்து இறங்குதல்.
5. ஒவ்வொரு முறையும் ஒரு பிடி மட்டும் கூட்டுதல்.

ஒரு படியில் பயம் மூன்றுக்குக் கீழே வந்த பிறகே அடுத்த படிக்குப் போக வேண்டும். பயம் ஏழு, எட்டைத் தொட்டால் கைவிட்டு ஓட வேண்டாம். முந்தைய படிக்குத் திரும்பி, அதை நன்றாக முடித்துவிட்டு வகுப்பை நிறைவு செய்யலாம். பயந்து ஓடிய நினைவோடு வீடு திரும்பினால் அடுத்த முறை பயம் கூடியிருக்கும்.

தலைகீழாகத் தொங்குவது வேறு பயம்

உயரப் பயத்தையும் தலைகீழாகும் பயத்தையும் ஒன்றாகக் கையாளக் கூடாது. தலைகீழ் அசைவுகளைத் தரையருகே, பயிற்றுநர் தோள் கொடுக்கும் உயரத்தில் தனியாகப் பழக வேண்டும். இரண்டும் தனித்தனியே கைவந்த பிறகுதான் சேர்க்கலாம். பயிற்றுநரின் கை எட்டாத உயரத்தில் அவரால் தாங்கிப் பிடிக்க முடியாது. கம்பத்தைச் சுற்றித் தடித்த பாதுகாப்பு மெத்தை கட்டாயம் இருக்க வேண்டும். மெத்தை அடியைக் குறைக்குமே தவிர, முழுதாகத் தடுத்துவிடாது.

யார் கவனமாக இருக்க வேண்டும்?

கட்டுக்குள் வராத இரத்த அழுத்தம், கண் நீர் அழுத்த நோய் உள்ளவர்கள் தலைகீழ் அசைவுகளுக்கு முன் மருத்துவரைக் கேட்க வேண்டும். கர்ப்பிணிகளும் அவ்வாறே. தரையில் நிற்கும்போதும் தலை சுற்றினால் அது உயரப் பயம் அல்ல, காது அல்லது இரத்த அழுத்தக் கோளாறாக இருக்கலாம். வீட்டில் கம்பம் மாட்டுபவர்கள் சிலிங் பலகையில் முட்டுக்கொடுக்கக் கூடாது. பாரம் தாங்கும் உத்திரத்துக்குக் கீழேதான் நிறுத்த வேண்டும். ஒவ்வொரு முறை ஏறும் முன்பும் அசைத்துப் பார்ப்பது அவசியம்.

“பயப்படாதே, ஏறு!” என்று கீழேயிருந்து கத்தும் வகுப்பைவிட, “இப்போது இறங்கிக் காட்டுங்கள்” என்று கேட்கும் வகுப்பே நம்பத்தக்கது. சேர்வதற்கு முன் ஒருமுறை நேரில் சென்று பார்த்தால் எது எப்படிப்பட்ட வகுப்பு என்பது தெரிந்துவிடும்.