தொடக்கூடாத நீரும் குடிக்கக்கூடாத நீரும்



பாப்பிரெட்டிப்பட்டியை உள்ளடக்கிய தருமபுரி மாவட்டத்தின் ஃபுளூரைடு பாதிப்பைப் பேசுவோர் பாறையிலிருந்துதான் தொடங்குகிறார்கள். பாறைக் கனிமங்களிலுள்ள ஃபுளூரைடு நிலத்தடி நீரில் கரைகிறது. நீர் பாறையோடு தங்கும் காலம் கூடினால் கரைவதும் கூடுகிறது. உண்மைதான். ஆனால், எந்த நீர் யார் வாய்க்குப் போகிறது என்பதைப் பாறை முடிவு செய்வதில்லை. ஊர் முடிவு செய்கிறது.

ஊர்க் கிணற்றில் நம் குடம் இறங்கக்கூடாது என்பதே நெடுங்காலக் கட்டளை. வீரையன், இரட்டைமலை சீனிவாசன் போன்றோரின் முயற்சியால் பொதுக் கிணறும் குளமும் சாலையும் எல்லோருக்கும் உரியவை என்று 1924இல் சென்னை சட்டமன்றம் தீர்மானித்தது. 1927 மார்ச் 20 அன்று மகாத் குளத்தில் அம்பேத்கர் நீரள்ளிக் குடித்தார். அரசு தேர்ந்த வழியோ வேறு. தொழிலாளர் துறை 1920களிலேயே சேரிகளுக்குத் தனிக் கிணறுகள் வெட்டித் தந்தது. பிறகு வந்தது அடிபம்பு. மோதல் தவிர்ந்தது; தீண்டாமை தவிரவில்லை. ஊருக்குப் பல கிணறுகள், காலனிக்கு ஒரே குழாய் என்றானால், அந்த ஒன்றில் நஞ்சிருந்தால் மாற்று ஏது?

அறியாமல் நடந்தது என்று சொல்ல முடியாது. அன்றைய சென்னை மாகாணத்தின் நெல்லூர் மாவட்டத்தில் இந்நோய் பரவியிருந்ததை ஷார்ட்டும் அவருடைய சக ஆய்வாளர்களும் 1937இலேயே எழுதிவிட்டார்கள்.

பல் முளைக்கும் முன்பே எனாமல் கெடுகிறது. பிள்ளையின் பல்லில் காவி படிகிறது. தேய்த்தால் போகாத கறை அது. ஆண்டுக்கணக்கில் குடித்தால் மூட்டு இறுகும், முதுகெலும்பு விறைக்கும். காய்ச்சினாலும் ஃபுளூரைடு நீங்காது. சுண்ணாம்புச் சத்தில்லாத உணவு பாதிப்பைக் கூட்டும்.

லிட்டருக்கு 1 மில்லிகிராம்வரை ஏற்கத்தக்கது. வேறு நீர் இல்லாவிட்டால் 1.5 வரை போகலாம் என்கிறது இந்தியத் தர அளவு. அந்த 1.5 அளவு நீரில் 2 லிட்டர் குடிப்பவர் உடலில் 3 மில்லிகிராம் சேரும். வெயிலில் களையெடுத்து 5 லிட்டர் குடிக்கும் பெண்ணுக்கு 7.5 சேரும். அளவு ஒன்றுதான், உடல்கள் ஒன்றல்ல. கூலி உழைப்பின் தாகத்தை எந்தத் தர அளவு கணக்கிட்டது?

ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டத்துக்கு 2008இல் அடிக்கல் நாட்டப்பட்டது. ஜப்பானியக் கடனுதவியோடு முடிந்து 2013இல் தொடங்கியது. தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களுக்குக் காவிரி நீர் வந்தது பெரிய பேறு. அதனாலேயே நாம் கேட்க வேண்டியவை கூடுகின்றன. குழாயின் கடைசி முனையில் இருப்பது எந்தத் தெரு? காவிரி நீர் வராத நாளில் அந்தத் தெரு எதைக் குடிக்கிறது? தொட்டியில் ஆழ்துளை நீர் கலக்கிறதா?

மாணவர்களே, இவற்றுக்கான விடை நூலகத்தில் இல்லை. காலனிதோறும் ஒவ்வொரு குழாயின் நீரையும் சோதிக்கச் சொல்லுங்கள். முடிவைத் தொட்டியின் மேல் எழுதி வைக்கச் சொல்லுங்கள். கிராம சபையில் அந்த எண்ணைப் படியுங்கள். தண்ணீரைத் தொடும் உரிமைக்காக நம் முன்னோர் போராடினார்கள். தொட்ட தண்ணீர் குடிக்கத்தக்கதாக இருக்கும்வரை அந்தப் போராட்டம் முடியவில்லை.