முட்டை மேல் விழுந்த பழி

பெண் வயதுக்கு வந்தால் நாட்டுக்கோழி முட்டையை உடைத்து அப்படியே வாயில் ஊற்றி, காலியான ஓட்டில் நல்லெண்ணெய் அளந்து குடிக்கவைப்பது சேலம், நாமக்கல் பக்கத்துப் பழைய வழக்கம். கூடவே உளுந்தங்களி. இடுப்பும் கர்ப்பப்பையும் வலுப்படும் என்பது நம்பிக்கை. இன்று அதே ஊர்களில் மாதவிலக்கு தள்ளிப்போனாலோ முகத்தில் முடி வளர்ந்தாலோ, பண்ணை முட்டையும் பிராய்லர் கறியும் தின்றதால் வந்த சினைப்பை நீர்க்கட்டி என்கிறார்கள். இந்தப் பழி காலக்கணக்கிலேயே அடிபட்டுப் போகிறது. இத்தாலிய மருத்துவர் வல்லிஸ்னெரி 1721இலேயே இத்தகைய சினைப்பையை விவரித்திருக்கிறார். சிகாகோவின் ஸ்டெய்னும் லெவந்தாலும் 1935இல் ஏழு பெண்களிடம் கண்டதைத் தொகுத்து எழுதிய பிறகு அது தனி நோயாக அறியப்பட்டது. இன்றைய பிராய்லர் இனங்கள் உருவானதோ அதற்குப் பிறகுதான்.

ஆறே வாரத்தில் குஞ்சு கோழியாவது ஊசியால்தானே என்று கேட்பார்கள். தலைமுறை தலைமுறையாகத் தேர்ந்தெடுத்த இனப்பெருக்கமும் சத்துக் கணக்கிட்ட தீவனமும் செய்யும் வேலை அது. ஆயிரக்கணக்கான கோழிகளுக்கு நாள்தோறும் ஹார்மோன் ஊசி போட எந்தப் பண்ணைக்கும் கட்டாது. தவிர, நாமக்கல்லின் பெரும்பாலான பண்ணைகள் முட்டைக்கோழிப் பண்ணைகள். பிராய்லருக்குப் பேர்போனது பல்லடம். கோழிக்குக் கொடுக்கும் ஆன்டிபயாட்டிக் பற்றிய கவலை நியாயமானது. ஆனால் அது வேறு வழக்கு.

முன்பு கேள்விப்படாத நோய் இப்போது வீட்டுக்கு வீடு இருப்பது ஏன்? ஸ்கேன் வந்தது, 2003இல் ராட்டர்டாமில் நோய்க்கான வரையறை விரிந்தது. முன்பு 'பிள்ளையில்லாதவள்' என்ற பட்டத்துக்குள் மறைந்திருந்தவர்கள் பலர் இன்று கணக்கில் வருகிறார்கள். வாழ்க்கையும் மாறிவிட்டது. கம்பும் சோளமும் ராகிக்களியும் உண்டு காட்டில் உழைத்த இந்த வட்டாரம், மூன்று வேளையும் வெள்ளரிசிக்கும் உட்கார்ந்த வேலைக்கும் நகர்ந்தது. இந்நோயில் பலருக்கு இன்சுலின் சரிவர வேலை செய்வதில்லை. அதனால் ஆண் ஹார்மோன் கூடி, கருமுட்டை முதிர்ந்து வெளிவருவது தடைபடுகிறது. இதில் பரம்பரைக்கும் பெரும் பங்குண்டு. ஒல்லியான பெண்களுக்கும் வருகிறது. ஆகவே உணவை மட்டும் குற்றவாளியாக்க முடியாது. உடல் எடை கூடும்போது நோய் வலுக்கிறது என்பதே உறுதி.

முட்டையை ஒதுக்கும் வீட்டில் பெண்ணுக்குப் புரதம் குறைகிறது, பரிசோதனையும் தள்ளிப்போகிறது. சர்க்கரை நோய், கருத்தரிப்புச் சிக்கல், கருப்பை உட்சுவர்ப் புற்றுநோய், மனச்சோர்வு ஆகியவற்றுக்கான வாய்ப்பு இந்நோயால் கூடுகிறது. பூப்பெய்தி மூன்றாண்டு கடந்த பெண்ணுக்கு ஆண்டில் எட்டு முறைக்கும் குறைவாக விலக்கு வந்தால் மருத்துவரிடம் அழைத்துச் செல்லுங்கள், சர்க்கரையையும் சோதியுங்கள். வேகவைத்த முட்டையைத் தாராளமாகக் கொடுங்கள்.