முதலை எஞ்சின்

முதலை எஞ்சின் என்பது மும்பை–புணே தடத்தில் சரக்கு வண்டிகளை இழுக்க 1928 முதல் இறக்குமதியான மின்சார எஞ்சின் வகை. அதை வாங்கிய கிரேட் இந்தியன் பெனின்சுலா இரயில்வே இ.எஃப்.–1 என்று வகைப்படுத்தியது. பின்னர் வந்த டபிள்யூ.சி.ஜி.–1 என்ற பெயரில் முதல் எழுத்து அகலப் பாதையையும், இரண்டாவது நேர்மின்சாரத்தையும், மூன்றாவது சரக்குப் பணியையும் குறிக்கும். வாங்கிய 41 எஞ்சின்களில் 10 சுவிட்சர்லாந்தின் விண்டர்தூரிலும், மற்றவை இங்கிலாந்தின் வல்கன் ஃபவுண்டரியிலும் உருவாயின. நடுவில் உடற்பகுதி, முன்னும் பின்னும் நீண்ட மூக்கு, சக்கரங்களைப் பிணைக்கும் தண்டுகள், 2,600 குதிரைத்திறன் ஆகியவை இதன் அடையாளங்கள். இரயில்வே தொழிலாளர்களிடம் இதற்குக் ‘கேக்டா’ (நண்டு) என்ற பெயரும் வழங்கியது.

இந்த வடிவத்துக்குக் காரணம் போர் காட் மலைப்பாதை. கல்யாணிலிருந்து அம்பர்நாத், பத்லாப்பூர் வழியாகக் கர்ஜத் வரும் தடம், அங்கிருந்து லோணாவளா நோக்கி 37 அடிக்கு 1 அடி என்ற சாய்வில் ஏறுகிறது. இந்தப் பாதை 1863இல் திறக்கப்பட்டது. வண்டி திசை மாறி ஏறவேண்டிய நிலையம் ஒன்று அப்பாதையில் இருந்தது. மின்மயமாக்கலை ஒட்டிப் புதிய தடம் அமைந்ததும் 1929இல் அது கைவிடப்பட்டது. மலைப்பாதையின் வளைவுகளில் நெகிழ்ந்து திரும்பவே எஞ்சினின் உடல் மூன்றாகப் பிரிக்கப்பட்டது. ஏற்றத்தில் சக்கரங்கள் வழுக்காமல் பற்றி இழுக்கவே அவை தண்டுகளால் பிணைக்கப்பட்டன.

ஆகவே அருங்காட்சியகத்தில் இந்த எஞ்சினைத் தனிப் பொருளாகக் காட்சிக்கு வைப்பது அதைப் பாதி மட்டுமே காப்பதாகும். இதற்கு வலுவான சான்று அதன் தடை முறை. சரிவில் இறங்கும்போது மோட்டார்கள் மின்னாக்கிகளாக மாறி வண்டியின் வேகத்தைக் கட்டுப்படுத்தும். அப்போது பிறக்கும் மின்சாரம் மேல்கம்பிக்குத் திரும்பி, மலையேறும் இன்னொரு வண்டிக்குப் பயன்படும். கம்பி, துணைமின்நிலையம், எதிரே ஏறும் வண்டி ஆகிய மூன்றும் சேராமல் இந்தச் செயல் விளங்காது. கல்யாணை அடுத்த டாகுர்லியில் 1929இல் இயங்கத் தொடங்கிய சோளா மின்நிலையம் இரயில்வேயின் சொந்த மின்நிலையமாக இருந்தது. அதுவும் எஞ்சினும் ஒரே அமைப்பின் உறுப்புகள். அவ்வளவையும் மறைத்துவிட்டுப் பார்த்தால் அந்த நீண்ட மூக்கு வெறும் விநோதமாகவே தெரியும்.

1977இல் திறக்கப்பட்ட தில்லித் தேசிய இரயில் அருங்காட்சியகம் போன்ற ஓரிடத்தில் திரட்டினால்தான் நாடெங்கிலுமிருந்து வருவோர் காணமுடியும், பராமரிப்பும் எளிது என்பது எதிர்வாதம். அதில் நியாயம் உண்டு. 1853இல் போரி பந்தரிலிருந்து தாணேவுக்கு முதல் பயணிகள் வண்டியை இழுத்த மூன்று எஞ்சின்களில் ஒன்றுகூட மிஞ்சவில்லை. திரட்டிக் காப்பவர் இல்லாததன் விலை அது. ஆனால் திரட்டுவதும் விளக்குவதும் வேறு வேறு வேலைகள். எஞ்சினை இடம் மாற்றாமலேயே மலைப்பாதையின் வரைபடம், மின்னோட்டத்தின் மாதிரி, மின்நிலையத்தின் படங்கள் ஆகியவற்றை அதன் அருகே வைக்கலாம். பழைய எஞ்சினைப் பார்ப்பவர்க்குத் தொழில்நுட்பம் சலிப்பூட்டும் என்ற கருத்தும் நிற்காது: ஒரு கனத்த வண்டி மலையிறங்கிக்கொண்டே மற்றொன்றை மேலேற்ற உதவியது என்பது சிறுவர்களுக்கும் புரியக்கூடிய செய்தி. கர்ஜத் நிலையத்தில் இன்றும் மலையேறும் வண்டிகளின் பின்னால் தள்ளு எஞ்சின்கள் இணைக்கப்படுகின்றன. அருங்காட்சியகத்தில் முதலை எஞ்சினைக் கண்டவர் அங்கே சென்று பார்த்தால்தான் அதன் பொறியாளர்கள் எதிர்கொண்ட சிக்கல் முழுமையாக விளங்கும்.

முதலை எஞ்சின்கள் தில்லியிலும் மும்பையிலும் பாதுகாக்கப்பட்டுள்ளன. அவற்றை இயக்கிய நேர்மின்சாரமும் மும்பை புறநகர்த் தடங்களில் 2016இல் முடிவுக்கு வந்தது.