பட்டியலில் இல்லாதவர்களை எண்ணியவர்

மனித உரிமை வேலைன்னதும் வக்கீல், நிருபர், போராட்டம்னுதான் நமக்கு ஞாபகம் வரும். இன்னைக்கு நாம பார்க்கப்போறது கோட் எழுதத் தெரிஞ்ச ஒரு சமூகவியல் மாணவரை.

1991. அமெரிக்காவின் மிச்சிகன் பல்கலைக்கழக ஆராய்ச்சி மாணவர் பேட்ரிக் பால், எல் சால்வடார் போகிறார். 1980-ல் தொடங்கிய உள்நாட்டுப் போர் முடியும் நேரம். அந்த நாட்டு ராணுவத்துக்குப் பணம் கொடுத்தது அவருடைய சொந்த அரசுதான். அங்கிருந்த மனித உரிமைக் குழுவிடம் 9,000-க்கும் மேற்பட்ட வாக்குமூலங்கள் இருந்தன. பால் அவற்றை டேட்டாபேஸாக மாற்றினார். எந்த அதிகாரி, எப்போது, எந்தப் படைப்பிரிவில் இருந்தார் என்பது இன்னொரு டேபிள். இரண்டையும் ஜாயின் பண்ணினால், யாருடைய பொறுப்பில் எத்தனை கொடுமைகள் நடந்தன என்று பெயரோடு வந்துவிடும். குழு அந்தப் பெயர்களை வெளியிட்டது. அதிகாரிகள் அவதூறு வழக்குப் போட்டார்கள். டேட்டா கோர்ட்டுக்குப் போனதும் வழக்கை வாபஸ் வாங்கினார்கள்.

ஆனா, யாரிடமும் சொல்லப்படாத கொலைகளை எப்படி எண்ணுவது?

இதுக்கு ஒரு பழைய கணக்கு இருக்கு. குளத்து மீனை எண்ண உயிரியலாளர்கள் பயன்படுத்துறது. இரண்டு குழுக்கள் தனித்தனியா ஆளுக்கு 100 பெயர் எழுதுறாங்கன்னு வைங்க. 50 பெயர் பொதுவா இருந்தா, மொத்தம் சுமார் 200. பொதுவானது 10 மட்டும்னா, மொத்தம் சுமார் 1,000. அதாவது, பட்டியல்கள் எவ்வளவு குறைவா ஒத்துப்போகுதோ, விடுபட்டவங்க அவ்வளவு அதிகம்.

பெருவில் 1980 முதல் 2000 வரை நடந்த வன்முறையை விசாரித்த உண்மை ஆணையத்துக்கு, பாலும் அவருடன் இருந்தவர்களும் இந்த முறையில்தான் கணக்குப் போட்டார்கள். ஆணையத்திடம் பதிவானவர்கள் சுமார் 24,000 பேர். 2003 அறிக்கையில் மதிப்பீடு 69,280.

2013-ல் குவாத்தமாலாவின் முன்னாள் சர்வாதிகாரி ரியோஸ் மான்ட் மீதான இனப்படுகொலை வழக்கில் பால் சாட்சி சொன்னார். இக்ஸில் பகுதியில் 1982 ஏப்ரல் முதல் 1983 ஜூலை வரை ராணுவம் கொன்றது பழங்குடி மக்களில் 5.5 சதவீதம், மற்றவர்களில் 0.7 சதவீதம். ரியோஸ் மான்ட் குற்றவாளி என்று தீர்ப்பு வந்தது. பத்தே நாளில் அரசியல் சாசன நீதிமன்றம் அதை ரத்து செய்தது. தீர்ப்பு போனாலும், அந்த எண்கள் பொய்யாகிவிடவில்லை.

பெருவில் பதிவானவர்களில் நாலில் மூணு பேரின் தாய்மொழி கெச்சுவா போன்ற பழங்குடி மொழி. தலைநகர் லிமாவில் இருந்தவங்களுக்கு அவங்க இறந்ததே தெரியலை. அதனால டேட்டாவைப் பார்க்கும்போது முதல்ல கேட்க வேண்டியது: இதுல யார் இல்லை?

அடுத்த எபிசோடில் பார்க்கலாம்.